கடல் பசுவுக்குக் காவல்!

கடலில் பசு உண்டா? உண்டு! அதற்குக் கொம்பு இல்லை. கால்களும் இல்லை. ஆனால் பசுவைப் போலவே புல் மேய்கிறது. கன்று போட்டுப் பால் கொடுக்கிறது. பாக் விரிகுடாக் கரையில் உள்ள மீனவர்கள் அதை "ஆவுளியா" என்று அழைக்கிறார்கள்.

ஆவுளியா மீன் அல்ல. பத்து அடி நீளம் வளரும் சாதுவான பிராணி. எடை 400 கிலோ வரை இருக்கும். கடலுக்கு அடியில் வளரும் புல்லை ஒரு நாளில் 30 கிலோவுக்கு மேல் தின்றுவிடும். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ஒரே ஒரு கன்று

ஆவுளியா ஒரு வருஷத்துக்கு மேல் கன்றை வயிற்றில் சுமக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே கன்றுதான். அடுத்த கன்றுக்குக் குறைந்தது மூன்று வருஷமாவது ஆகும். ஆகவே ஒரு தாய் செத்தால், அந்த நஷ்டம் லேசில் ஈடாகாது. முன்பு இறைச்சிக்காகவும் இதை வேட்டையாடினார்கள். இப்போது எஞ்சி இருப்பவை மிகக் குறைவு.

இரண்டு இலாகாக்கள்

கடலில் வேலி போட முடியாது. அப்படியானால் யார் காவல்? தமிழ்நாடு சர்க்காரின் இரண்டு இலாகாக்கள் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கின்றன.

மீன்பிடிப்பைக் கவனிப்பது மீன்வள இலாகா. 1983-ம் வருஷத்துச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக்கூடாது. அந்த இடம் நாட்டுப் படகுக்காரர்களுக்கு உரியது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகவே இந்த ஓய்வு. அந்த நாட்களில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்காகச் சர்க்கார் நிவாரணப் பணம் கொடுக்கிறது.

பிராணிகளைக் காப்பது வன இலாகா. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில், புலி இருக்கும் முதல் பட்டியலிலேயே ஆவுளியாவும் இருக்கிறது. கொன்றால் சிறை!

கடலில் ஒரு காப்பகம்

2022-ம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு புதிய காரியம் செய்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இந்தப் பிராணிக்கென்று ஏற்பட்ட முதல் காப்பகம் இதுதான்.

இது தேசியப் பூங்காவைப் போன்றது அல்ல. இவ்வகைக் காப்பகத்தைச் சர்க்காருக்குச் சொந்தமான இடத்தில்தான் அமைக்கலாம். அக்கம்பக்கத்து மக்களைக் கலந்து பேசித்தான் அமைக்க வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு என்று சட்டம் சொல்கிறது.

வலையா, உயிரா?

ஆனாலும் நடுக்கடலில் முடிவு செய்கிறவர் அதிகாரி அல்ல, மீனவர்தான். நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கி வாங்கிய வலை. அதில் ஆவுளியா சிக்கித் துடிக்கிறது. அதை விடுவிக்க வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். அறுத்தால் நாளைய பிழைப்பு என்ன ஆவது?

இப்படிச் சிக்கிய ஆவுளியாக்களைப் பல மீனவர்கள் வலையை அறுத்துக் கடலில் விட்டிருக்கிறார்கள். வன இலாகா அவர்களைப் பாராட்டி வெகுமதி கொடுத்திருக்கிறது. வெகுமதி வலையின் விலைக்கு ஈடாகவும், காலத்தோடும் கைக்கு வந்தால்தான் அடுத்தவருக்கும் கத்தியை எடுக்க மனம் வரும்.

ஆவுளியாவைக் காப்பதால் மீனவருக்கு என்ன லாபம்? அது மேயும் கடல்புல்லில்தான் இறால் குஞ்சும், நண்டுக் குஞ்சும், மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. இழுவலை அந்தப் புல்லை வாரிக்கொண்டு போனால் ஆவுளியாவும் பட்டினி; சில காலம் கழித்து மீனவரும் பட்டினி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பல வீடுகளில் மீன் குழம்பு கொதிக்கும். சட்டியில் இருக்கும் இறால், குஞ்சாக இருந்தபோது ஆவுளியாவின் புல்வெளியில் வளர்ந்ததாகவும் இருக்கலாம்!