பெட்டிக்குள் ஒரு தேதி!

மருந்துப் புட்டி வாங்குகிறோம். எந்த நாளோடு அதன் ஆற்றல் தீரும் என்று புட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சமையல் எரிவாயு உருளை வீட்டுக்கு வருகிறது. அடுத்த சோதனை எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று அதன் கழுத்துப் பட்டையில் எழுத்தும் எண்ணுமாகக் குறித்திருக்கிறார்கள். குழந்தைக்கு வாங்கும் பால்மாவு டப்பாவிலும் தேதி உண்டு. ஆனால், ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கித் தொலைக்காட்சியின் முதுகில் செருகுகிறோமே, ஸ்ட்ரீமிங் பெட்டி, அதன்மேல் தேதி உண்டா? இல்லை! அப்படியானால் அதற்கு முடிவு நாளே கிடையாதா? உண்டு! பெட்டியின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. விற்றவன் அறிவான், வாங்கியவன் அறியான்!

கற்பனையாகக் கூறுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2025ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நடந்ததைப் பாருங்கள். கூகுள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள், உலகின் பல நாடுகளிலும் ஒரே நேரத்தில் வாயடைத்து நின்றன. இடி விழுந்ததா? இல்லை. மின்சாரம் தாக்கியதா? இல்லை. கருவி மெய்யானதுதானா என்று சரிபார்ப்பதற்காக வைத்திருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் பத்தாண்டுத் தவணை அன்றோடு முடிந்தது. அவ்வளவுதான்! முதல் நாள் வரை படம் காட்டிய பெட்டி, மறுநாள் வெறும் பிளாஸ்டிக் வில்லை!

நான்கைந்து நாட்களில் கூகுள் நிறுவனம் புதிய மென்பொருளை அனுப்பத் தொடங்கியது. கருவிகள் மீண்டும் உயிர் பெற்றன. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், அந்த நான்கைந்து நாட்கள் ஓர் உண்மையை உலகுக்கு உரைத்துவிட்டன. பெட்டி நம் வீட்டில் இருக்கிறது. அதன் உயிரோ எங்கோ கலிபோர்னியாவில், ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது!

அன்று நடந்தது கவனக்குறைவு என்றே வைத்துக் கொள்வோம். தெரிந்தே கைவிட்ட கதைகள் எத்தனை! 2019 டிசம்பர் 1ஆம் நாளோடு, பழைய ரோக்கு பெட்டிகள் சிலவற்றிலும், 2010, 2011ஆம் ஆண்டுச் சாம்சங் தொலைக்காட்சிகள் சிலவற்றிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. சொன்ன காரணம் என்ன? ‘தொழில்நுட்ப வரம்புகள்’ என்ற இரண்டே சொற்கள்! ஆப்பிள் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறைத் தொலைக்காட்சிப் பெட்டி 2012 மார்ச்சில் வந்தது. 2016 அக்டோபர் வரை விற்றார்கள். 2021 மார்ச்சில் யூடியூப் செயலி அதிலிருந்து விலகியது. 2024 ஜூலை 31ஆம் நாளோடு நெட்ஃபிளிக்சும் விலகியது. 2016இல் கடைசியாக வாங்கியவருக்கு, ஐந்தாண்டு நிறைவதற்குள்ளாகவே ஒரு கை போயிற்று. எட்டாண்டு நிறைவதற்குள் மறு கையும் போயிற்று!

முதல் குரோம்காஸ்ட் 2013இல் 35 டாலருக்கு வந்தது. 2014 டிசம்பரில் 2,999 ரூபாய் விலையில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. 2023இல், ‘இனி இதற்கு ஆதரவில்லை’ என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் குரோம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்தி, 100 டாலர் விலையுள்ள புதிய பெட்டியைக் காட்டினார்கள். 35 எங்கே? 100 எங்கே?

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் கேட்போம். படங்கள் பூட்டிய பொட்டலங்களாகத்தான் இணையத்தில் வருகின்றன; திறவுகோல் பெட்டிக்குள் இருக்கிறது. திருட்டைத் தடுக்கப் பூட்டை மாற்றும்போது பழைய திறவுகோல் சேராது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையும் மாறுகிறது. பழைய சில்லுக்கு அதை விரித்துக் காட்டும் வலிமை இல்லை. பெருகிவரும் செயலியைத் தாங்கும் நினைவகமும் இல்லை. பழைய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் புதிய செயலியைச் சோதித்துப் பார்க்கப் பணம் செலவாகும். உண்மை! இவற்றில் எதையும் நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: இவ்வளவும் தெரிந்த நீங்கள், விற்கும் அன்றைக்கே அதை ஏன் சொல்லவில்லை?

‘காலம் மாறினால் கருவியும் மாறத்தானே வேண்டும்?’ என்று கேட்போர் உண்டு. மாறட்டும், மாற்றத்துக்கு நாம் பகைவர் அல்லர். எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி. முதலாளித்துவத்தின் தாய்வீடு எனப்படும் அமெரிக்காவிலேயே ஒரு சான்று இருக்கிறது. வானலை வழியே வந்த பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்த அந்நாட்டு அரசு முடிவு செய்தது. சட்டம் இயற்றியது, நாள் குறித்தது, ஆண்டுக்கணக்கில் அறிவித்தது. பழைய பெட்டி வைத்திருப்போர் மாற்றுக்கருவி வாங்கிக் கொள்ள, வீட்டுக்கு இரண்டு வீதம், 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகள் வழங்கியது. அதற்கான நிதி தீர்ந்து, காத்திருப்போர் வரிசை நீண்டபோது, 2009 பிப்ரவரி 17 என்றிருந்த நாளை ஜூன் 12க்குத் தள்ளி வைத்தது. ஏன்? அரசு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்! நிறுவனம் யாருக்குப் பதில் சொல்கிறது? பங்குதாரருக்கு மட்டுமே! எளியோரின் கூடத்தில் இருக்கும் பெட்டி இருண்டால் அவர்களுக்கு என்ன?

2024 நவம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர்கள், இணையத்தோடு இணையும் 184 பொருள்களை எடுத்து ஆராய்ந்தார்கள். எவ்வளவு காலம் மென்பொருள் ஆதரவு கிடைக்கும் என்பதை, 163 பொருள்களின் விற்பனைப் பக்கத்தில் சொல்லவே இல்லை! நூற்றுக்கு 89 வீதம் மௌனம்! இந்த மௌனத்துக்குப் பெயர் வாணிகமா, வஞ்சகமா?

சில நாடுகள் விழித்துக் கொண்டன. பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும் என்பதை வெளியிட்டே தீரவேண்டும் என்னும் விதி, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு வகைத் தொலைக்காட்சியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் எட்டாண்டுகள் வரை அதன் அடிப்படை மென்பொருள் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் விதித்திருக்கிறது. வேண்டுமென்றே பொருளின் ஆயுளைக் குறைப்பதைப் பிரான்ஸ் 2015லேயே குற்றமாக்கிவிட்டது. இவையும் பாதி வழிதான். அடிப்படை மென்பொருளைக் காக்கும் விதி, அதன்மேல் ஓடும் செயலியைக் காப்பதில்லை. ஆனாலும், பாதி வழி வந்தவரைப் பார்த்துப் படுத்திருப்பவர் வெட்கப்பட வேண்டாமா?

சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. பெட்டி நின்றுபோன வீட்டார் என்ன செய்வது? நாம் சொல்லக்கூடியவை இவை.

முதலில், தொலைக்காட்சியைத் தூக்கி எறியாதீர்கள்! நின்றது செயலியே தவிர, திரை அன்று. திரை நன்றாக இருந்து, அதில் எச்டிஎம்ஐ துளை இருந்தால், சிறு கருவி ஒன்றே போதும். வீட்டில் மடிக்கணினி இருந்தால், ஒரு கம்பியால் இணைத்தே படம் பார்க்கலாம். செலவு கம்பியின் விலை மட்டுமே.

இரண்டாவதாக, புதிய கருவி வாங்கும்போது, ‘எத்தனை செயலி வரும்?’ என்று கேட்பதற்கு முன், ‘எத்தனை ஆண்டு வரும்?’ என்று கேளுங்கள். ஆதரவு எதுவரை என்று எழுத்தில் சொல்லும் நிறுவனத்துக்கு முதலிடம் கொடுங்கள். அது எந்த ஆண்டில் வெளிவந்த வகை என்பதையும் பாருங்கள். தள்ளுபடியில் கிடைப்பது பழைய வகையானால், அதன் ஆயுளில் பாதியைக் கடைக்காரரின் அலமாரியே தின்றிருக்கும்.

மூன்றாவதாக, திரை 4கே அல்லவென்றால் 4கே கருவிக்காகக் கூடுதல் பணம் கொட்ட வேண்டியதில்லை. அதே பணத்தில் நினைவகம் மிகுந்ததாக வாங்கினால் நெடுநாள் உழைக்கும்.

நான்காவதாக, ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று ஆசை காட்டும் பெயரில்லாப் பெட்டிகளின் பக்கம் போகாதீர்கள். இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் வரும்போதே கள்ள மென்பொருள் குடியிருக்கிறது. அதன் வழியே வீட்டின் இணைய இணைப்பைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 2025 ஜூனில் அமெரிக்கக் காவல்துறையான எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது.

ஐந்தாவதாக, பழைய கருவியைக் கழிக்கும்போது உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பதை அழித்துவிட்டு, மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். 2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை. அதில் முறைப்படி சேர்த்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது, நூற்றுக்கு 22 பங்கே! எஞ்சியதில் ஒரு பகுதியை ஏழை நாட்டு உழைப்பாளியும் அவன் பிள்ளையும் வெறுங்கையால் உடைத்து, எரித்து, அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஒரு நிறுவனம் செயலியை நிறுத்தும்போது, ஏதோ ஒரு சேரியில் ஒரு நெருப்பு மூளுகிறது என்பதை மறவாதீர்கள்!

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்கின்றன அவை. நல்லது! செத்த பெட்டிக்குப் பொறுப்பு என்றால், சாகும் நாளைச் சொல்வதற்கும் பொறுப்பில்லையா? டெல்லி அரசை நாம் கேட்கிறோம். ஆதரவு முடியும் ஆண்டை அட்டைப் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், விலை அளவுக்குப் பெரிய எழுத்தில், அந்தந்த மாநில மொழியில் அச்சிடச் செய்யுங்கள். நிறுவனம் கைவிடும் கருவியைப் பிறர் பழுது பார்த்துப் பயன்படுத்த, அதன் பூட்டைத் திறந்துவிடச் செய்யுங்கள்.

இது செல்வரின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்குவோர் இருக்கலாம். செல்வருக்கு இது பிரச்சினையே அன்று. அவர் இன்றே வேறொன்று வாங்கிவிடுவார். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியவருக்கும், ஓய்வூதியத்தில் வாங்கிய முதியவருக்கும்தான் இது பிரச்சினை. அவர்கள் பிச்சை கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை. கொடுத்த காசுக்கு உண்மையைக் கேட்கிறார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள்! அதுவரை கேட்டுக் கொண்டே இருப்போம்.