மதிப்பீடும் பட்டறிவும்: மகிழுந்தின் நம்பகம் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒருவரை ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் தரும் என்பது தமிழ்ச் சான்றோர் கண்ட நெறி. திருக்குறளின் ஐம்பத்தொன்றாம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல் ஆளைத் தேர்வது பற்றியதாயினும், ஆளுக்குச் சொன்னது பொருளுக்கும் பொருந்தும். நெரவி போன்ற ஊரில் நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டிற்கு அடுத்தபடியாகப் பெரும்பணம் செலவிட்டு வாங்கும் பொருள், மக்கள் வழக்கில் கார் எனப்படும் மகிழுந்தே எனலாம். அதனை வாங்கப் புகுவோர்முன் இருவகைச் சான்றுகள் வந்து நிற்கின்றன. ஒன்று, ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் நம்பகத் தரவரிசை. மற்றொன்று, வண்டி வைத்திருப்போரின் வாய்மொழி. இவ்விரண்டும் முரணுங்கால் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மழைக்கால இரவு

எம் மைத்துனர் வளைகுடா நாடொன்றில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பினார். சேமிப்பில் பெரும்பகுதியைக் கொண்டு, ஓடிப் பழகிய கார் ஒன்றினை வாங்கினார். வாங்குமுன் அவர் தரவரிசைகளைத் தேடிப் படித்தார். அந்த வகை வண்டி ஒரு பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றிருந்தது. எதிர்வீட்டில் வாழும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோ அதே பட்டியலில் கடைசி வரிசையில் நின்ற வண்டியைப் பதினோர் ஆண்டுகளாக ஓட்டி வந்தார். "ஒருநாளும் வழியில் நின்றதில்லை" என்றார். மைத்துனர் ஏட்டை நம்பினார், எதிர்வீட்டாரை நம்பவில்லை.

ஐப்பசி மாதத்து இரவொன்றில் அவருடைய தாயாருக்கு, அதாவது எம் மாமியாருக்கு, மூச்சுத்திணறல் மிகுந்தது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி மருத்துவமனைக்கு அக்காரிலேயே புறப்பட்டோம். கொள்ளிடப் பாலத்தை அடையுமுன் வெப்பங்காட்டும் முள் உச்சிக்கு ஏறியது, இஞ்சின் நின்றது. கொட்டும் மழையில் ஒருமணி நேரம் நின்றோம். நெல்மூட்டை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர் ஒருவர் தம் அலைபேசியில் வாடகைக் கார் ஒன்றினை வரவழைத்துத் தந்தார். இறையருளால் மாமியார் பிழைத்தார்.

மறுநாள் மைத்துனர் கூறிய சொற்கள் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றன: "பட்டியல்ல மூணாவது எடத்துல இருந்த வண்டி மச்சான்! எழுதுனவன் பொய் எழுதிட்டான்." பட்டறைக்கு வண்டி வந்ததும் மெக்கானிக் அடியிற் படுத்துப் பார்த்தார். இஞ்சினின் பின்புறம் குளிர்நீர் செல்லும் இரும்புக்குழாய் துருவேறி ஓட்டையாகியிருந்தது. அவர் கூறியது வேறு: "வண்டியக் குத்தம் சொல்லாதீங்க பாய். இது இத்தனை வருசமா எங்க நின்ன வண்டின்னு கேட்டீங்களா?"

ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தோம். வண்டிக்கு வயது ஒன்பது. மைத்துனர் மூன்றாம் உரிமையாளர். முன்னவர் இருவரும் கடலோரத்தவர். ஏடு பொய் சொன்னதா, நாம்தாம் ஏட்டைத் தவறாகப் படித்தோமா என்ற ஐயம் அன்று எழுந்தது.

பழைய தலைமுறையின் அளவுகோல்

நம் தந்தையர் காலத்தில் இவ்வையம் எழ வாய்ப்பில்லை. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவில் உருவான பியட்டும் (பின்னர்ப் பத்மினி) அன்றி வேறு தேர்வு அரிது. பணம் கட்டி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்க்குத் தரவரிசை எதற்கு? 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1990களின் பொருளாதாரத் தாராளமயத்திற்குப் பின் தேர்வுகள் பெருகின. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது.

அம்பாசடர் வைத்திருந்த முதியோரைக் கேட்டால், "அது எங்களைக் கைவிட்டதே இல்லை" என்பர். வாரந்தோறும் அதன் முன்மூடி திறந்தே கிடந்ததை அவர்தம் பிள்ளைகள் அறிவர். இங்கு முதியோர் பொய் கூறவில்லை. குறைகளின் எண்ணிக்கையை அவர்கள் எண்ணவில்லை; வீடு வந்து சேர்ந்தோமா என்பதையே எண்ணினர். எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒரு திருப்புளியும் கம்பித்துண்டும் கொண்டு ஓட்டிவிடக்கூடிய வண்டி அது. பழுதுபடாமை வேறு, பழுதுநீக்க எளிமை வேறு. உரிமையாளர் வாய்மொழியில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மதிப்பீடு பிறக்கும் வகை

மதிப்பீடு என்பது பொறியாளர் சிலர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து வழங்கும் தீர்ப்பு எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் நம்பகத் தரவரிசைகளுட் பெரும்பாலானவை உரிமையாளர் பட்டறிவைத் தொகுத்தவையே. அமெரிக்காவில் 1936-இல் தோன்றிய நுகர்வோர் அமைப்பு ஒன்று, விளம்பரம் ஏற்காத கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் தன் இதழுக்காக உறுப்பினர்களிடமே ஆண்டுதோறும் வண்டிகளின் குறைகளைக் கேட்டுத் தொகுக்கிறது. 1968-இல் ஜே.டி. பவர் என்பார் தொடங்கிய நிறுவனமும் உரிமையாளர்களையே வினவுகிறது. நூறு வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்பது அதன் அளவுகோல். எண் குறையக் குறைய நம்பகம் மிகும்.

அந்நிறுவனத்தின் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்று நினைவுகூரத்தக்கது. 1970களின் முற்பகுதியில் மாஸ்டா நிறுவனத்தின் சுழல் இஞ்சின் வண்டி உரிமையாளர்கள் அனுப்பிய விடைத்தாள்களைப் பவரின் மனைவியார் தம் வீட்டுச் சமையலறை மேசையில் தொகுத்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 30,000 மைலுக்கு மேல் ஓடிய வண்டிகள் பலவற்றில் ஒரே வளையம் பழுதுபட்டிருப்பதை அவர் கண்டார். தனித்தனி உரிமையாளர் ஒவ்வொருவரும் அதனைத் தம் தீயூழ் என எண்ணியிருப்பர். ஒருங்கே எண்ணியபோதுதான் அது வண்டியின் குறை எனத் தெரிந்தது. தனிமனிதர் பட்டறிவால் ஆகாத ஒன்று எண்ணிக்கையால் ஆகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செருமனியில் வேறு இரு வழிகள் உள்ளன. ஆடாக் என்னும் வாகன உரிமையாளர் கழகம், சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவச் சென்ற அழைப்புகளை எண்ணுகிறது. ட்யூஃப் அமைப்போ கட்டாயத் தகுதிச் சோதனைகளிற் கண்ட குறைகளைத் தொகுக்கிறது. முன்னது நின்ற வண்டியைக் காணும். பின்னது துருவையும் தேய்ந்த பிரேக்கையும் காணும். ஒரே வண்டி இரு பட்டியல்களிலும் ஒரே இடம் பெறவேண்டும் என்பதில்லை.

எண் கூறுவதும் கூறாததும்

எண்ணின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 'அ' வகையில் நூறு வண்டிகளுக்கு 150 குறைகள், 'ஆ' வகையில் 180 குறைகள் எனக் கொள்வோம். 'அ' சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குறைகள் தற்செயலாகப் பரவியுள்ளன எனக் கொண்டு கணக்கிட்டால், தாழ்ந்ததாகிய 'ஆ' வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 வண்டிகள் ஒரு குறையும் காணாதவை. உயர்ந்ததாகிய 'அ' வகையிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 19 வண்டிகள் மூன்றோ அதற்கு மேலோ குறை கண்டவை. எதிர்வீட்டு ஆசிரியர் அந்தப் பதினேழில் ஒருவராகலாம். அவர் வாய்மொழியும் மெய், பட்டியலும் மெய், இரண்டிற்கும் பகையில்லை.

இனி, எண் எதனைக் குறை என்கிறது என்பதும் அறியத்தக்கது. 2011-இல் புதுவண்டிகளின் தொடக்கத்தரம் பற்றிய அமெரிக்கப் பட்டியலில் ஃபோர்டு நிறுவனம் ஐந்தாம் இடத்திலிருந்து இருபத்துமூன்றாம் இடத்திற்கு இறங்கியது. அதற்குப் பெருங்காரணம், தொடுதிரைக் கருவி பற்றிய புகார்கள். பாட்டுப் பெட்டி பணியாததும் ஒரு குறை. பிரேக் பிடியாததும் ஒரு குறை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே. கொள்ளிடக் கரையில் நோயாளியுடன் நிற்பவர்க்கு அவை ஒன்றல்ல.

எல்லாவற்றினும் முதன்மையானது காலம். இந்தியாவில் ஜே.டி. பவர் நடத்திய நீடுநம்பக ஆய்வுகள், புதிதாக வாங்கி 30 முதல் 42 மாதங்கள் ஆன வண்டிகளின் முதல் உரிமையாளரைக் கேட்டவை. மூன்றாண்டு வயதுடைய வண்டியைப் பற்றி முதல் உரிமையாளர் அளித்த விடையை, ஒன்பதாண்டு வயதுடைய வண்டிக்கு மூன்றாம் உரிமையாளராகிய மைத்துனர் பொருத்திக்கொண்டார். ஏடு பிறழவில்லை, கேட்கப்படாத கேள்விக்கு அதனிடம் விடை தேடியதே பிழை. விபத்துச் சோதனையில் வழங்கும் விண்மீன்களை நம்பகத்தின் அடையாளமாகக் கொள்வதும் இத்தகைய பிழையே. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்தின் விண்மீன்கள் மோதலின்போது உயிர் காக்கும் திறத்தைக் காட்டுவன. வழியில் நிற்குமா என்பதைக் காட்டா.

பட்டறிவின் எல்லையும் பெருமையும்

உரிமையாளர் சொல்லுக்கும் எல்லை உண்டு. பெரும்பணம் கொடுத்து வாங்கியவர் தம் தேர்வைத் தாமே பழிக்க மனம் ஒப்பார். துன்புற்றவரோ ஊரெல்லாம் சொல்வார். மாதம் இருமுறை நாகூர் சென்று திரும்பும் வண்டியையும், நாள்தோறும் திருச்சி விமான நிலையத்திற்கு ஓடும் வாடகை வண்டியையும் ஒரே தட்டில் வைத்தல் இயலாது.

எனினும் ஊர்ப் பட்டறிவு அறிந்த சிலவற்றை நாடளாவிய சராசரி அறியாது. கடற்காற்றில் வரும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பின்மீது படிந்து துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். டில்லியிலும் கோவையிலும் ஓடும் வண்டிகளோடு சேர்த்து எண்ணிய சராசரியில் நெரவியின் உப்புக்காற்று கரைந்து மறைந்துவிடும். காரைக்காற் பகுதி மெக்கானிக்கிற்கோ அது கைரேகை போலத் தெரியும். எந்த வண்டியில் எந்தக் குழாய் முதலில் அரிக்கும், எதற்கு உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்கும், எதற்குச் சென்னையை எதிர்நோக்க வேண்டும் என்பன அவர் அறிந்தவை.

தமிழ் அளவை நூலார் அறிதற் கருவிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துரைப்பர். நாம் ஓட்டி அறிவது காண்டல். பிறர் சொல்லக் கேட்பது உரை. பலர் உரையை எண்ணி ஒரு முடிபுக்கு வருவது கருதல். ஒன்றன் எல்லையை மற்றொன்று நிரப்புமே அன்றி, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இக்கருத்து இன்று சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 2012-இல் உற்பத்தியாளர் சங்கம் தானே வகுத்த நெறிப்படியே குறையுள்ள வண்டிகள் திரும்பப் பெறப்பட்டு வந்தன. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஒரு வகை வண்டியின் உரிமையாளர்களுள் குறிப்பிட்ட விழுக்காட்டினர் ஒரு குறையை அரசுக்குத் தெரிவித்தால், அவ்வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு அரசே ஆணையிட வழிவகுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. சொல்லப்படாத குறை எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத குறை திருத்தப்படுவதில்லை.

முடிவுரை

ஆகவே வாங்க நினைப்போர்க்கு நாம் கூறுவது இது. தரவரிசையைக் கண்டால், யாரைக் கேட்டார்கள், எத்தனை வயது வண்டியைக் கேட்டார்கள், எதனைக் குறை என்றார்கள் என மூன்றனையும் வினவுக. அதனால் வகையைத் தேர்க. பின்னர், அவ்வகையுள் நாம் வாங்கவிருக்கும் அந்த ஒரு வண்டி எங்கு நின்றது, எவர் ஓட்டினார், அடிப்பாகம் எந்நிலையில் உள்ளது என்பதை ஊர்ப் பட்டறையில் தூக்கி நிறுத்திக் காண்க. வகையைத் தேர ஏடும், வண்டியைத் தேர ஊரும் துணையாகும்.

மைத்துனர் அந்தக் காரை விற்கவில்லை. குழாய்களை மாற்றி, அடிப்பாகத்திற்குத் துருத்தடுப்புப் பூச்சிட்டு வைத்துள்ளார். அதன் முன்பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு கிடக்கிறது. நாள், ஓடிய கிலோமீட்டர், கண்ட குறை, ஆன செலவு ஆகியவற்றை அதில் எழுதி வருகிறார். "அடுத்து வாங்குறவங்க இதப் பாத்துட்டு வாங்கட்டும் மச்சான்" என்கிறார். கொள்ளிடக் கரையில் தாம் பட்டது பிறர்க்கு நேரலாகாது என்னும் எண்ணமே அதில் எழுதப்படுகிறது. மதிப்பீடுகள் யாவும் இத்தகைய குறிப்பேடுகளிலிருந்தே பிறக்கின்றன. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உள்ளதை உள்ளவாறே எழுதி வைப்பராயின், ஏட்டிற்கும் பட்டறிவிற்கும் இடையிலுள்ள தொலைவு குறையும் என்பது எம் துணிபு.