பாய்த்தோணியில் ஒரு பகல்

கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இவ்வாறு அழகாகப் பெயரிட்டு வாழ்பவர்கள் மட்டக்களப்பு மக்கள். இவ்விரு கரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியிலே, சென்ற ஆனிப் பூரணையன்று தந்தையாருடன் பாய்த்தோணியில் உலவி வந்தேன்.

எண்பதைக் கடந்த தந்தையாருக்குச் செவிப்புலன் மிகவும் மங்கிவிட்டது. "மீன்பாட்டை இன்னொரு தரம் கேட்க வேண்டும்" என்று அவர் சொன்னபோது, வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனரேயன்றி மறுமொழி கூறவில்லை.

காலையிலே கல்லடியில் ஏறினோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டை மெல்லப் பின்னே சென்றது. மேற்கேயிருந்து கச்சான் காற்று அளவாக வீச, தோணி தெற்கு நோக்கி நகர்ந்தது. அவசரக்காரருக்கு ஏற்ற ஊர்தியன்று இது! காற்று நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்றபோதெல்லாம் கண்டல் மரங்களின்மேல் சிறகுலர்த்தும் நீர்க்காகங்களைப் பார்த்திருந்தோம்.

மண்முனைத் துறையை அடைய நண்பகலாயிற்று. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குச் செல்வோர் முன்னர் இங்கே ஓடத்துக்குக் காத்து நிற்பார்கள். 2014இல் பாலம் திறக்கப்பட்டது. பழைய ஓடத்தை எண்ணி நான் பெருமூச்செறிந்தேன். தந்தையார் வருந்தவில்லை. நோயாளியோடு நள்ளிரவில் இத்துறையிலே காத்து நின்றவர் அவர்.

கட்டுச்சோற்றை உண்டு, மரநிழலில் உறங்கி எழுந்து, திரும்பிக் கல்லடிப் பாலத்தை அணுகுகையில் நிலவு நன்றாக ஏறிவிட்டது. தோணிக்காரர் பாயை இறக்கினார்.

1848இல் இவ்வொலியைக் கேட்ட எமர்சன் தெனன்ற், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஓசைக்கு அதனை ஒப்பிட்டார். ஊரி என்னும் சிப்பியின் குரல் அது என்றனர் அக்கால மீனவர். விபுலாநந்த அடிகளோ 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலிலே அதனை நீரரமகளிர் இசையாகக் கண்டார். மீனோ ஊரியோ, வாதம் இன்னும் ஓயவில்லை.

தோணிக்காரர் துடுப்பை நீருள் நிறுத்தி, அதன் பிடியிலே காதை வைக்கச் சொன்னார். தம்பூராத் தந்தியை எங்கோ தொலைவில் மீட்டியது போன்ற ஒலி விட்டுவிட்டு எழுந்தது. தயக்கத்தோடு தந்தையாரைப் பார்த்தேன்.

"காதுக்குப் பின்னால எலும்பில அழுத்திப் பிடியுங்க ஐயா," என்றார் தோணிக்காரர்.

தந்தையார் அவ்வாறே செய்து கண்களை மூடினார். வெகுநேரம் அசையவில்லை. காற்று மீண்டும் எழவே, தோணிக்காரர் பாய்க்கயிற்றைப் பற்றினார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு மனே," என்றார் தந்தையார், கண்ணைத் திறவாமலே.