போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் தீர்க்கக்கோடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் தன் அப்பாவின் விமான டிக்கெட் நகலை ஒரு மாணவி எடுத்து வந்திருந்தாள். போகும்போது சென்னையில் இரவு 11.15, சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.05. வரும்போது சிங்கப்பூரில் இரவு 8.20, சென்னையில் அன்றே 10.05.

“போறப்ப ஏழு மணி நேரம், வர்றப்ப ரெண்டு மணி நேரமா சார்? ஒரே தூரம்தானே?”

காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்த பதில் அதுதான். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. டெல்லி–லண்டன் போன்ற வடக்குப் பாதைகளில் வானில் மிக உயரத்தில் வீசும் மேற்குக் காற்று பயண நேரத்தை மாற்றுவது உண்மை. ஆனால் அது கிழக்கே போகிறவர்களுக்குத்தான் உதவும். நான் சொன்னது நேர் எதிர்!

மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டு, புவி மாதிரியை மேசையில் வைத்தேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தோம். அதே நீள நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்தால் 26 பாகைக்குச் சற்று மேல் வந்தது. அங்கே ஒரு பாகை சுமார் 111 கி.மீ. ஆக, தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நாலே கால் மணி நேரம்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகார நேரமே அச்சாகும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும் 6.50இல் 2.30ஐக் கழித்தால் 4.20. வரும் 1.45உடன் 2.30ஐக் கூட்டினால் 4.15. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சென்னை 80, சிங்கப்பூர் 104. பாகைக்கு நாலு நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க? 96 நிமிஷம்தான் சார் வருது.”

பாடநூல் விதியை அவன் சரியாகவே போட்டிருந்தான். விதி சூரியனுக்கு உரியது; கடிகாரமோ அரசு தேர்ந்தெடுக்கும் தீர்க்கக்கோட்டைப் பின்பற்றுகிறது. நமக்கு அது 82½° கிழக்கு. சிங்கப்பூர் 104°இல் இருந்தாலும் 120°க்குரிய நேரத்தை வைத்திருக்கிறது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதிப்பதற்கும் இதுதான் காரணம். 120இலிருந்து 82½ஐக் கழித்தால் 37½. நான்கால் பெருக்கினால் 150 நிமிடம். அந்தப் பையனே கரும்பலகையில் போட்டான்.

இந்தப் பாடம் நடத்தும்போது ஊர்களின் தீர்க்கக்கோட்டை மட்டும் கொடுத்துக் கடிகார நேரம் கேட்பதை இப்போது விட்டுவிட்டேன். திட்ட நேரக் கோட்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

அந்த மாணவி மட்டும் நோட்டில் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் முடித்து இரவு ஒன்பதுக்குத்தான் அவள் அப்பாவிடம் பேசுவாளாம். அப்போது அங்கே பதினொன்றரை.

“அப்பாவுக்கு ஏழு மணிக்கு வேலை முடியும் சார். நமக்கு அது நாலரை. இனிமே ஸ்கூல் விட்டுப் போனதும் பேசிடுவேன்.”