பொலிகுதிரை வரும் நாள்

1803 மார்ச் 5-ஆம் தேதி சிட்னியில் முதல் செய்தித்தாள் அச்சேறியது. பெயர் ‘சிட்னி கெஜட்’. அதை அச்சுக்கோத்து வெளியிட்ட ஜார்ஜ் ஹோவ், இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒரு கைதி. ஆளுநரின் ஆணைகள், கப்பல் வரவு, ஓடிப்போன கைதிகளின் அங்க அடையாளங்கள் என்று நிரம்பிய அந்தத் தாளில், சில ஆண்டுகளிலேயே இன்னொரு வகை அறிவிப்பும் வசந்தம் தொடங்கும்போதெல்லாம் வர ஆரம்பித்தது. இன்னாருடைய பொலிகுதிரை இந்தப் பருவம் முழுக்க இன்ன இடத்தில் நிற்கும். பெட்டை ஒன்றுக்குக் கட்டணம் இவ்வளவு. லாயக்காரருக்குத் தனியாக இவ்வளவு.

ஆஸ்திரேலியக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆட்டு ரோமத்தையும் தங்கத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எனக்கோ அந்த நாலைந்து வரி அறிவிப்புகள்தான் முக்கியமாகப் படுகின்றன. கையில் ஒன்றுமில்லாத ஒரு குடியானவன் எப்படி ஏர் பூட்டினான், யாரை நம்பினான், யாரிடம் ஏமாந்தான் என்பதெல்லாம் அவற்றுக்குள் இருக்கிறது.

1788 ஜனவரியில் வந்து சேர்ந்த முதல் கப்பல் கூட்டத்தில் இருந்தவை ஏழே குதிரைகள். ஒரு ஆண், மூன்று பெட்டைகள், மூன்று குட்டிகள். வரும் வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வாங்கி ஏற்றியவை. தண்டனைக் காலம் முடிந்த கைதி ஒருவனுக்கு அரசு கொடுத்தது 30 ஏக்கர். மனைவி இருந்தால் 50. பிள்ளை ஒன்றுக்கு இன்னும் 10. அந்த நிலத்தை முதல் சில ஆண்டுகள் அவர்கள் மண்வெட்டியால்தான் கொத்தினார்கள். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையின் வண்டல் நிலம், தாருக் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டிச் சாப்பிட்ட நிலம். அவர்களை விரட்டிவிட்டுத்தான் அங்கே கோதுமையும் சோளமும் விதைத்தார்கள். இந்தக் கதையில் அந்த அநியாயத்தைத் தாண்டிப் போக வழியில்லை.

1800-இல் நியூ சவுத் வேல்ஸ் காலனி முழுக்கச் சுமார் 200 குதிரைகள். பெரும்பாலானவை அதிகாரிகளிடமும் படை அலுவலர்களிடமும் இருந்தன. சிறு விவசாயி அரும்பாடுபட்டு ஒரு பெட்டைக்குதிரை வாங்கிவிட்டால் அது அவனுக்கு நிலத்துக்கு அடுத்த சொத்து. ஆனால் ஆண்குதிரை வைத்துக்கொள்ள அவனால் முடியாது. அதற்குத் தனி லாயம் வேண்டும், தானியம் வேண்டும், பழகிய ஆள் வேண்டும், உடைக்க முடியாத வேலி வேண்டும். நம் ஊர்களில் பொலிகாளை வைத்திருப்பவர் வீட்டுக்கு மாட்டை ஓட்டிப் போவதைப்போல, அவனும் தன் பெட்டையை ஓட்டிக்கொண்டு பெரிய பண்ணைக்குத்தான் போக வேண்டும். அறிவிப்புக்கு வேலை வந்தது அங்கேதான்.

அந்நாளில் பேர்பெற்ற பொலிகுதிரைகளில் ராக்கிங்காம் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. நார்தம்பர்லாந்து இங்கிலாந்துப் பந்தய இனம். எல்லாவற்றிலும் புகழ் வாய்ந்த ஹெக்டர் நம் பக்கத்திலிருந்து போனது. வணிகக் கப்பலில் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்ட அரபு ரத்தக் குதிரை அது. சீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு, அதை வைத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டால் குதிரையின் மதிப்பு கூடும் என்பது சொந்தக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹெக்டரின் வாரிசுகள் நியூ சவுத் வேல்ஸ் முழுக்கப் பரவின. பிற்காலத்தில் அங்கே குதிரை வளர்த்தவர்கள் தங்கள் குதிரையின் வம்சத்தில் ஹெக்டர் பெயர் வந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அறிவிப்பில் வழக்கமாக இருப்பவை இவை. நிறம், உயரம், வயது, தகப்பன் யார், தாய் யார், இதுவரை அதற்குப் பிறந்த குட்டிகள் எப்படி, குணம் எப்படி. தூரத்திலிருந்து வரும் பெட்டைகளுக்கு மேய்ச்சல் உண்டு, வாரத்துக்கு இவ்வளவு. இரண்டு மூன்று பெட்டைகள் கொண்டுவந்தால் சலுகை. பருவ முடிவில் இன்ன தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் பெட்டையை ஓட்டிப் போக முடியாது. கடைசியாக, கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் பெட்டைக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல.

அந்தக் கடைசி வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. பெட்டை வேலியில் கால் சிக்கி முறிந்தாலும், வேறொரு குதிரை உதைத்துச் செத்தாலும், திருடு போனாலும் நட்டம் விவசாயிக்கு. சினை பிடிக்காவிட்டாலும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் அவனுக்கே. ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போயிற்று. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். பொலிகுதிரைக்காரருக்கோ ஒரு பெட்டை இல்லாவிட்டால் இன்னொன்று. குட்டி பிறந்தால்தான் பணம் என்ற ஏற்பாடும், முன்பணம் போகச் சினை உறுதியான பிறகு மீதி என்ற ஏற்பாடும் மெல்ல மெல்லத்தான் பரவின. போட்டிக்கு நாலு குதிரைகள் வந்த பிறகுதான் வந்த நியாயம் அது.

குடியேற்றம் உள்நாட்டுக்குப் பரவப் பரவ, பெட்டை குதிரையிடம் போவது நின்று, குதிரை பெட்டையிடம் போவது வழக்கமானது. விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் கோதுமை வயல்கள் விரிந்த 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏர் மாடுகளின் இடத்தை, குளம்புக்கு மேல் மயிர் அடர்ந்த கிளைட்ஸ்டேல் போன்ற கனத்த இழுவைக் குதிரைகள் பிடித்துக்கொண்டன. லாயக்காரர் ஒரு சவாரிக் குதிரையில் ஏறி, பொலிகுதிரையைப் பக்கத்தில் கயிற்றில் பிடித்தபடி, வாராவாரம் ஒரே சுற்று வருவார். திங்கள் இந்தச் சாவடி, செவ்வாய் அந்தப் பண்ணை, சனிக்கிழமை சந்தை ஊர். பயண நிரலைச் சின்ன அட்டையில் அச்சடித்துச் சத்திரங்களிலும் கொல்லன் பட்டறைகளிலும் வைத்துவிட்டுப் போவார்கள்.

குதிரை வரும் நாள் பண்ணையில் பரபரப்பான நாள். பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிடுவார்கள், நாகரிகம் அப்படி. ஆனால் வேலை நுட்பமானது. உறுதியான ஒரு குறுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் ஆண். முகர விடுவார்கள். காதை மடக்கிக் கீச்சிட்டு உதைத்தால் அவள் பருவத்தில் இல்லை. கட்டைதான் குதிரையின் காலைக் காப்பாற்றும். பின்னங்கால்களை அகட்டி வாலை ஒதுக்கி நின்றால் தயார். அப்போதும் பின்காலுக்குத் தளை போடாமல் விடமாட்டார்கள். ஒரே உதையில் ஒரு குடும்பத்தின் பல வருட முதலீடு போய்விடும். முடிந்ததும் லாயக்காரர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துத் தேதி, பெட்டையின் நிறம், சொந்தக்காரர் பெயர் எழுதிக்கொள்வார். மூன்று வாரம் கழித்து அதே சுற்றில் திரும்பி வரும்போது மறுபடி அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். உதைத்தால் மகிழ்ச்சி, சினை பிடித்திருக்கும். குட்டி போட்ட பெட்டைக்கு ஒன்பதாம் நாளை ஒட்டி முதல் பருவம் வரும் என்பதும் அந்தக் குறிப்பேட்டுக் கணக்கில் அடக்கம்.

மழையில் நனைந்து, ஆற்றைக் கடந்து, ஒரு டன் எடையை நெருங்கும் முரட்டு மிருகத்தோடு மாதக்கணக்கில் தனியே சுற்றிய இந்த மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. குதிரையின் பாட்டன் முப்பாட்டன் பெயர் அச்சில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ‘லாயக்காரர் கட்டணம்’ என்ற ஒரு தொகையாக மட்டும் இருக்கிறார். தொடக்க காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர், பண்ணையாருக்கு அரசு ஒப்படைத்த கைதிகள்.

இந்த ஏற்பாடு பலித்தது என்பதில் சந்தேகமில்லை. ஏழு குதிரைகளோடு தொடங்கிய நாட்டில் 1850-இல் சுமார் 1,60,000 குதிரைகள் இருந்தன. தேவைக்கு மிஞ்சியவற்றுக்குச் சந்தை தேடியபோது கிடைத்தது இந்தியா. கல்கத்தாவோடு நம் சென்னையும். நியூ சவுத் வேல்ஸின் பெயரால் ‘வேலர்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் குதிரைகள் ஆங்கிலேயரின் இந்தியப் படைகளில் குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிக்கும் ஓடின. தமிழ்நாட்டுக்கு வெளியூர்க் குதிரை புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரை கொண்டுவந்து விற்பதையும், பராமரிப்புத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். உயர்ந்த ஆணும் உயர்ந்த பெட்டையும் சேர்ந்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்பதும் அவர் குறிப்பு. ஓசூர் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் பெரும்பரப்பு 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். அப்படியும் வெளியிலிருந்து வாங்குவது நிற்கவில்லை. ஹெக்டரை அனுப்பிய நாடு, குதிரைகளை அதே கடல் வழியாகத் திரும்ப வாங்கியது.

ஆனால் எண்ணிக்கை பெருகியதற்கு ஒரு விலை இருந்தது. அச்சடித்த வம்சாவளியை நம்பித்தான் விவசாயி பணம் கொடுத்தான். அது உண்மையா என்று பார்க்க அவனுக்கு வழியில்லை. பளபளவென்று தேய்த்து, பிடரியில் நாடா பின்னி, தீனி போட்டுக் கொழுக்க வைத்த குதிரைக்குக் குளம்படி எலும்பு வளர்ச்சியோ மூச்சிரைப்போ இருந்தால், அது தெரியவர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். குட்டி வளர்ந்து ஏரில் பூட்டி, நொண்டத் தொடங்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தப் பொலிகுதிரை வேறு மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு பருவத்தில் எழுபது எண்பது பெட்டைகளுக்கு. 1822-இல் தோன்றிய நியூ சவுத் வேல்ஸ் விவசாயச் சங்கம் கண்காட்சி நடத்தி நல்ல பொலிகுதிரைக்குப் பரிசு கொடுத்தது. அது நல்லதைக் காட்டிற்றே தவிர, கெட்டதைத் தடுக்கவில்லை.

தடுக்க அரசு முன்வந்தபோது காலனிக் காலமே முடிந்துவிட்டது. 1901-இல் காலனிகள் ஒன்றிணைந்து கூட்டாட்சி ஆன பிறகு, 1907-இல் விக்டோரியா மாநிலம் பொலிகுதிரைகளை அரசுக் கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறையைத் தொடங்கியது. பரம்பரையாகத் தொடரும் குறை இருந்தால் சான்றிதழ் கிடையாது. முதலில் விருப்பம் உள்ளவர்கள் வந்தார்கள். பிறகு சட்டமே வந்தது. லாயக்காரர் சுற்றுக்கு வரும்போது, பெட்டையை அவிழ்ப்பதற்கு முன் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கும் இடத்துக்கு விவசாயி அப்போதுதான் வந்தான்.