ஒரு கூடம், இரு மேதைகள்

மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்றாலே, இயற்கையை உள்ளது உள்ளபடி தீட்டுவது என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான் என்பது என் எண்ணம். இயற்கையிடம் கற்றுக்கொண்டு, அதைவிடச் செம்மையான ஒன்றைப் படைப்பதே அன்றைய இலட்சியம். எது செம்மை என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் ஓவியர்களின் குணத்துக்கும் பெரும்பங்கு உண்டு. இதைப் பார்க்க ஃபிளாரன்ஸ் நகர அரசு மாளிகையின் பெருங்கூடம் ஒன்றே போதும்.

1503-இல் அந்தக் கூடத்துச் சுவரில் அங்கியாரிப் போரை வரையும் பணி லியோனார்டோ டா வின்சிக்குக் கிடைத்தது. அடுத்த வருஷமே, அதே கூடத்தில் காசினாப் போரை வரைய மைக்கேலாஞ்சலோவை அமர்த்தினார்கள். அவருக்கு வயது 29, லியோனார்டோவுக்கு 52. இருவருக்கும் ஆகவே ஆகாது! மிலானில் குதிரைச் சிலையை வார்த்து முடிக்காமல் விட்டவர்தானே என்று நடுத்தெருவில் இளையவர் மூத்தவரைக் குத்திக்காட்டியதாகப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. மூத்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. தசைகளை அளவுக்கு மீறிப் புடைக்க வைத்தால் உடம்பு அக்ரூட் மூட்டை மாதிரி ஆகிவிடும் என்று தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மனத்தின் அசைவு உடம்பில் தெரிய வேண்டும் என்பது லியோனார்டோவின் கொள்கை. கொடிக்கம்பத்துக்காகக் குதிரை வீரர்கள் மோதிக்கொள்ளும் காட்சியில் குதிரைகளுக்கும் அதே வெறிதான். கோடு தெரியாமல், புகைபோல நிழலைப் படியவைப்பது அவர் பாணி; அதற்கு நேரம் வேண்டும். ஈரச்சுதையில் தீட்டுகிறவர்களோ அன்றன்று பூசியதை அன்றன்றே முடித்தாக வேண்டும். நின்று நிதானித்துத் திருத்துகிற மனிதருக்கு அது ஒத்துவருமா? எண்ணெய் கலந்த புதுமுறை ஒன்றைச் சோதித்தார். அது சுவரில் நிற்கவில்லை.

மைக்கேலாஞ்சலோவுக்குக் குதிரையும் வேண்டாம், போர்க்களமும் வேண்டாம். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வீரர்கள், எதிரி வருகிறான் என்ற கூச்சல் கேட்டு அடித்துப் பிடித்துக் கரையேறுகிற நிமிஷத்தை எடுத்துக்கொண்டார். முறுக்கிய உடல்களே எல்லாம் பேசிவிடும் என்பது அந்தச் சிற்பியின் நம்பிக்கை. காகிதத்தில் முழு அளவு மாதிரி வரைந்ததோடு சரி. 1505-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் ரோமுக்கு அழைத்துக்கொண்டார். இளம் ஓவியர்கள் மொய்த்துப் பார்த்துப் படித்த அந்த மாதிரியும் பிற்பாடு துண்டு துண்டாகி அழிந்துபோயிற்று.

1504 வாக்கில் ஃபிளாரன்ஸ் வந்த ராஃபேல் இருவரிடமிருந்தும் கற்றார். பழக இனியவர். அதனாலேயே அவரை வெறும் கலவை என்று ஒதுக்குவோர் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமில் அவர் வரைந்த ‘ஏதென்ஸ் கல்விக்கூட’த்தில் பிளேட்டோவுக்கு லியோனார்டோவின் முகம் என்பார்கள். முன்னால், கன்னத்தில் கைவைத்துத் தனியே உட்கார்ந்திருக்கும் கடுமுகக்காரர் மைக்கேலாஞ்சலோவாம். ராஃபேலின் முழு அளவு மாதிரிப் படத்தில் அந்த உருவமே கிடையாது. பிறகுதான் சேர்த்திருக்கிறார். அப்போது மைக்கேலாஞ்சலோ பக்கத்திலேயே, சிஸ்டைன் ஆலயத்து விதானத்தில் தீட்டிக்கொண்டிருந்தார்.