கவனத்துக்குப் பயிற்சி தரும் திரை: நியூரோஃபீட்பேக் எந்த அளவு கைகொடுக்கும்?

மூளையில் ஓயாமல் எழும் நுண்ணிய மின்னலைகளைத் தலையின் மேற்பரப்பிலேயே அளந்து, அந்த அளவை உடனுக்குடன் திரையில் காட்டி, அலைகளின் போக்கை அந்த நபரே மாற்றிக்கொள்ளப் பழக்குவது நியூரோஃபீட்பேக். மூச்சு, இதயத் துடிப்பு, தசை இறுக்கம், தோலின் ஈரம் போன்றவற்றை இதே வழியில் அளந்து காட்டுவது பயோஃபீட்பேக். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) உள்ள குழந்தைகளுக்கு மருந்தில்லாச் சிகிச்சை என்று இவ்விரண்டும் பெருநகரங்களின் தனியார் மையங்களில் அளிக்கப்படுகின்றன.

துறுதுறுப்பாக இருக்கும் குழந்தைக்கெல்லாம் இந்தக் கோளாறு இருப்பதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதங்களாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் இதை உறுதிசெய்வார்கள். உலக அளவில் 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கோவை மாவட்டத்தின் 4 பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் என்றது. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை சீக்கிரம் கண்ணில் படும். சத்தமில்லாமல் உட்கார்ந்து எங்கோ நினைவாக இருக்கும் பிள்ளை, அதிலும் பெண் குழந்தை, ‘மந்தம்’ என்ற பெயரோடு விடுபட்டுப்போகும்.

மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் செய்த பதிவை 1929-இல் வெளியிட்டார். 1961-இல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் தியானத்தில் இருந்த யோகிகளின் மூளையலைகளைப் பதிவுசெய்து, மனப்பயிற்சியின்போது அலைகள் எப்படி அமைகின்றன என்று ஆராய்ந்தனர். அதே பத்தாண்டில் கலிபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன், குறிப்பிட்ட ஓர் அலை எழும்போதெல்லாம் உணவு கொடுத்துப் பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, பழக்கப்பட்ட பூனைகளுக்கு வலிப்பு வரத் தாமதமானது. வலிப்பு நோயாளிகளுக்குச் சென்ற இந்த முறையை, 1976-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபர் மிகையியக்கம் உள்ள குழந்தையிடம் பயன்படுத்தினார்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. நொடிக்கு 4 முதல் 8 முறை துடிக்கும் தீட்டா அலை, மயங்கிய, கனவு கலந்த நிலையில் கூடும். 13-க்கு மேல் துடிக்கும் பீட்டா அலை, மனம் விழித்துச் செயல்படும்போது கூடும். கவனக்குறைவு உள்ள குழந்தைகள் பலரிடம் தீட்டா மிகுந்தும் பீட்டா குறைந்தும் இருப்பதாக ஆரம்ப ஆய்வுகள் கூறின. அந்த விகிதத்தை மாற்றுவதே பயிற்சியின் குறிக்கோள்.

பயிற்சி அறையில் குழந்தையின் உச்சந்தலையைத் துடைத்து, உப்புத்தன்மையுள்ள பசை தடவி, சிறு வட்ட மின்முனையை ஒட்டுவார்கள். காது மடல்களில் கிளிப் மாட்டுவார்கள். மின்முனை வழியாக உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. மூளையிலிருந்து வருவது மட்டுமே பதிவாகும். வருவதோ வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பங்கு. பல்லைக் கடித்தாலோ கண் சிமிட்டினாலோ தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். திரையில் கார் ஓடும். விரும்பிய அலை கூடினால் வேகமெடுக்கும், குறைந்தால் நிற்கும். எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். குழந்தையே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி வரை நீளும் இந்த அமர்வு வாரம் இரண்டு, மூன்று முறையாக 30, 40 தடவை தொடரும்.

பலன் உண்டா என்று பார்க்க, உண்மைப் பயிற்சியைப் போலிப் பயிற்சியோடு ஒப்பிட வேண்டும். போலிப் பயிற்சியிலும் அதே மின்முனை, அதே திரை. ஆனால் காரின் ஓட்டத்துக்கும் அந்தக் குழந்தையின் மூளையலைக்கும் தொடர்பிருக்காது. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுள்ள சுமார் 140 குழந்தைகளுக்கு 38 அமர்வுகள் கொடுத்து, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. இரு குழுக்களும் நன்றாக முன்னேறின; இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 38 ஆய்வுகளையும் 2,472 பேரையும் சேர்த்துப் பார்த்து 2024 டிசம்பரில் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழ் வெளியிட்ட தொகுப்பும் ஏறக்குறைய இதையே சொன்னது. சிகிச்சை பற்றித் தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது கவனக்குறைவு அறிகுறிகளில் பொருட்படுத்தத்தக்க பலன் தெரியவில்லை. நன்கு நிறுவப்பட்ட முறைகளை மட்டும் தனியே எடுத்தபோது சிறு பலன் தெரிந்தது.

போலிப் பயிற்சி பெற்ற குழந்தைகளும் முன்னேறியது கவனிக்க வேண்டிய செய்தி. ஒழுங்காக வந்து உட்காருவது, பெரியவர் ஒருவர் பொறுமையாகப் பக்கத்தில் இருப்பது, சின்ன வெற்றிக்கும் பாராட்டுக் கிடைப்பது, பெற்றோரின் நம்பிக்கை ஆகிய எல்லாமே குழந்தையை மாற்றும் வல்லமை உள்ளவை. அதனால் ‘என் பிள்ளை தேறிவிட்டான்’ என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. முன்னேற்றம் உண்மைதான், அந்தப் பெருமை மின்முனைக்கு உரியது என்பதற்குத்தான் சான்று போதவில்லை. தீட்டா-பீட்டா விகிதத்தின் நிலையும் இதுவே. அதை அளக்கும் கருவியை நோயறிதலுக்குத் துணையாக அமெரிக்க அரசு 2013-இல் அனுமதித்தது. 2016-இல் அமெரிக்க நரம்பியல் கழகம், வழக்கமான மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

பயோஃபீட்பேக்கில் அதிகம் பழக்கப்படுவது நிமிடத்துக்குச் சுமார் 6 முறை மெதுவாக மூச்சு விட்டு, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை மூச்சோடு இசைய வைப்பது. பதற்றத்தைத் தணிக்க இது உதவும். கவனக்குறைவுக்கு இதையே தனிச் சிகிச்சையாகக் கொள்ள முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயத்துக்குப் பிறகு நினைவும் கவனமும் குறைந்தவர்களுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்து ஆய்வுகள் நடந்துள்ளன. அந்த முடிவுகளை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திவிட முடியாது.

நன்கு நிரூபணமான வழிகள் வேறு. அமெரிக்காவில் 579 குழந்தைகளிடம் நடந்து 1999-இல் வெளியான பெரிய ஆய்வில், முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து அறிகுறிகளை நன்கு குறைத்தது. நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தபோது மற்ற சிக்கல்களும் தணிந்தன. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தை மருத்துவரின் சீட்டோடு, பசி, உறக்கம், எடை, உயரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முதலில் தேவைப்படுவது பெற்றோருக்கான பயிற்சி. வகுப்பில் முன்வரிசை இடம், ஒரே நேரத்தில் ஒரே கட்டளை, பாடத்துக்கு நடுவே கரும்பலகையைத் துடைக்கச் சொல்வது, செய்த வேலைக்கு அப்போதே பாராட்டு ஆகியவை செலவில்லாதவை.

பெருநகரம் அருகில் இல்லாத பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் நியூரோஃபீட்பேக்கின் செலவுச் சுமை தெளிவாகத் தெரியும். பருத்தி எடுப்பிலோ சின்ன வெங்காய நடவிலோ கூலியை விட்டுவிட்டு, பிள்ளையோடு வாரம் மூன்று நாள் வெளியூருக்கு அலைவது பல குடும்பங்களால் முடியாது. பலன் உறுதியாகாத பயிற்சிக்காகக் கடன் வாங்கத் தேவையும் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் கவனக்குறைவுக் கோளாறும் உண்டு. அதன் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வருவார்கள். சந்தேகம் உள்ள குழந்தையை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையையோ, 2022-இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையோ பெற்றோர் நேரடியாகவும் அணுகலாம். வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பள்ளியளவில் துணைநிற்பார்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் நியூரோஃபீட்பேக் கொடுத்துப் பார்க்க விரும்பும் குடும்பம், பணம் கட்டும் முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோயை உறுதிசெய்தவர் குழந்தை மருத்துவரா, மனநல மருத்துவரா? பார்வை, செவித்திறன், உறக்கம், வலிப்பு, கற்றல் குறைபாடு ஆகியவை பார்க்கப்பட்டனவா? எந்த அலையை, எத்தனை அமர்வுகளில் பழக்கப்போகிறார்கள்? முன்னேற்றத்தைப் பள்ளி ஆசிரியரிடமும் கேட்டு அளப்பார்களா? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவார்கள்? ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தை நிறுத்தச் சொல்லும் மையத்தையும், முழுக் குணம் என்று உறுதியளிக்கும் மையத்தையும் தவிர்ப்பதே நல்லது.